பூச்சி தின்ற காடும் காவிரியின் நீரும்

மண்ணச்சநல்லூரைச் சுற்றியுள்ள வயல்கள் பெருவளை, புள்ளம்பாடி, அய்யன் வாய்க்கால்களை நம்பி நெல் விளைவிப்பவை. அந்தத் தண்ணீர் முக்கொம்புக்குச் சற்று மேற்கே காவிரியிலிருந்து பிரிகிறது. காவிரிக்கோ அது குடகு, வயநாடு, நீலகிரி மலைகளிலிருந்து வந்து சேர்கிறது. அருகிலேயே கொல்லிமலையும் பச்சைமலையும் இருக்கின்றன. ஆகாய கங்கையாக விழும் அய்யாறும் கடைசியில் காவிரிக்கே வருகிறது. மலைக்காடு நன்றாக இருந்தால் ஆறு நன்றாக ஓடும் என்பது கடைமடை விவசாயிவரை எல்லோரும் சொல்லும் பேச்சு. அந்தக் காட்டை மனிதன் வெட்டாமல் பூச்சி அழித்தால் என்ன ஆகும்? மரங்கள் செத்துப்போனால் அவை குடித்துவந்த நீர் ஆற்றுக்கு மிஞ்சுமா, அல்லது நிழலும் ஈரமும் போய் ஊற்றுகள் வற்றுமா?

இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பல ஒன்றையொன்று மறுப்பவை. எந்தப் பதில் எந்த மண்ணில், எந்த மழையில், எந்தப் பூச்சியைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால் முரண்பாடுகளில் பாதியாவது விலகும். மீதியை இன்றைய அளவீடுகளால் தீர்க்க முடியவில்லை.

குடகில் தொடங்கிய கேள்வி

காவிரி பிறக்கும் குடகில் 1860-களில் காப்பித் தோட்டங்கள் வேகமாகப் பரவின. காட்டைத் திருத்தி, பல இடங்களில் நிழல் மரங்களையும் நீக்கி, திறந்த வெயிலில் காப்பி நட்டார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு பெருகித் தோட்டம் தோட்டமாகச் செடிகளைக் கொன்றது. இதை ஆராய்ந்த மருத்துவர் ஜார்ஜ் பிடியின் அறிக்கை 1869-இல் சென்னையில் அச்சானது. நிழல் போனதும் வறட்சியும் வண்டுக்கு வழிவிட்டன என்பது அவர் வாதத்தின் மையம். அதே காலத்தில் குடகில் காடழிவின் விளைவுகள் பற்றி அவர் எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் புவியியல் கழகம் வெளியிட்டது. பூச்சிப் பெருக்கம், காடழிவு, ஆற்று நீர் மூன்றையும் ஒரே மனிதர் ஒரே நிலப்பரப்பில் சேர்த்துப் பார்த்த மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று. அந்த நிலப்பரப்பு காவிரியின் தலைமாடு என்பது நமக்கு முக்கியம்.

பிடி தனியாக யோசித்தவர் இல்லை. மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் 1849-லேயே சென்னையின் ஆய்விதழ் ஒன்றில், மரங்கள் மழையை வருவிப்பதிலும் ஈரத்தைக் காப்பதிலும் ஆற்றும் பங்கு பற்றி எழுதியிருந்தார். சென்னை மாகாணத்தின் வனத்துறை உருவாகவும், 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வரவும் இந்த எண்ணப்போக்கு ஒரு காரணம். காடு மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் மெல்ல விடுகிறது, மரம் போனால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் மிஞ்சும் என்பது இதன் சாரம்.

இந்தக் கருத்தின் பலம் மண்ணைக் கவனித்ததில் இருக்கிறது. மரமும் நீர் குடிக்கும் என்ற கணக்கை அது போடவில்லை, அது பலவீனம். மழையளவையும் ஆற்றோட்டத்தையும் ஒரே சிற்றாற்றில் ஆண்டுக்கணக்கில் அருகருகே அளந்து பார்க்கும் முறை அப்போது வந்திருக்கவில்லை. குடகில் பார்த்த மாற்றத்தில் எவ்வளவு வண்டால் வந்தது, எவ்வளவு கோடரியால் வந்தது, எவ்வளவு மழை பொய்த்ததால் வந்தது என்று பிடியால் பிரித்திருக்க முடியாது. இன்றும் அந்தப் பிரிப்பு எளிதாகவில்லை.

மரம் செத்தால் நீர் மிஞ்சும்

இரண்டாவது நிலைப்பாடு அமெரிக்காவின் கொலராடோ மலைகளிலிருந்து வந்தது. 1939-இல் ஒரு புயல் வைட் ரிவர் மேட்டுநிலத்தில் ஸ்புரூஸ் மரங்களை ஏராளமாகச் சாய்த்தது. விழுந்த மரங்களில் பெருகிய பட்டை வண்டு 1940-களில் நின்ற மரங்களையும் கொன்று தீர்த்தது. 1955-இல் லவ் என்ற ஆய்வாளர், வண்டு பரவிய வடிநிலங்களில் ஆற்றோட்டம் கூடியிருப்பதாகக் காட்டினார். 1970-களில் பெத்லாமி அதே ஆறுகளை வண்டு தொடாத பக்கத்து ஆற்றோடு ஒப்பிட்டு, கால் நூற்றாண்டு கழித்தும் அந்த உயர்வு மறையவில்லை என்று எழுதினார். மொன்டானாவின் ஜாக் க்ரீக் வடிநிலத்தில் 1970-களின் நடுவில் பைன் வண்டு ஏறக்குறைய 35 சதவீத மரங்களைக் கொன்றது. அங்கே ஆண்டு நீர்வரத்து 15 சதவீதம் கூடியதாகவும், பனி உருகி வரும் நீர் இரண்டு மூன்று வாரம் முந்தியதாகவும் 1984-இல் பாட்ஸ் பதிவு செய்தார்.

இதன் அடிப்படைக் கணக்கு எளிது. மழையில் ஒரு பங்கு இலைகளிலும் கிளைகளிலும் தங்கி, மண்ணைத் தொடாமலே ஆவியாகிறது. இன்னொரு பங்கை வேர் உறிஞ்சி, இலைவழியே நீராவியாக விடுகிறது. இலை போனால் இரண்டும் குறையும். மிச்சம் ஓடையில் வர வேண்டும். உலகெங்கும் 94 வடிநில ஆய்வுகளைத் தொகுத்துப் பாஷும் ஹியூலெட்டும் 1982-இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கணக்குக்கு வலுவூட்டியது. ஊசியிலைக் காட்டில் 10 சதவீதப் பரப்பு குறைந்தால் ஆண்டுக்குச் சுமார் 40 மில்லிமீட்டரும், இலையுதிர் அகன்ற இலைக் காட்டில் சுமார் 25 மில்லிமீட்டரும் ஓட்டம் கூடும் என்பது அவர்கள் கண்ட பொதுப்போக்கு. பரப்பு மாற்றம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆற்றில் அதை அளந்து காண்பது கடினம் என்றும் அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். பின்னால் வந்த பலர் முதல் பாதியை மேற்கோள் காட்டி, இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்தில் இந்த நிலைப்பாட்டுக்கு மிக வலுவான சான்று உதகமண்டலத்திலிருந்து வருகிறது. அது பூச்சியைப் பற்றிய ஆய்வு இல்லை. மரம் நட்டதைப் பற்றியது. ஆனாலும் நம் கேள்விக்கு அதைவிட அருகில் வரும் அளவீடு தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பேன். உதகை அருகே கிளன்மார்கனில் புல்வெளியும் சோலையும் கலந்த இரண்டு சிறு வடிநிலங்களில் 1968 முதல் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையத்தினர் நீரோட்டத்தை அளந்தார்கள். 1972-இல் ஒன்றில் மட்டும், அதன் பரப்பில் 59 சதவீதத்தில், நீல யூகலிப்டஸ் நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். பத்தாண்டு கழிந்த முதல் சுழற்சியில் மரம் நட்ட வடிநிலத்தின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய அடிமரங்களிலிருந்து தழைத்த இரண்டாம் சுழற்சியில் குறைவு சுமார் 25 சதவீதமாயிற்று. கோடையோட்டத்துக்கு விழுந்த அடி இன்னும் பெரிது: குறைநீரோட்டக் குறியீடு முதல் சுழற்சியில் 2 மடங்கும், இரண்டாவதில் 3.75 மடங்கும் சரிந்ததாகச் சிக்காவும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்டார்கள்.

கிளன்மார்கன் நீர் பைக்காரா, மாயாறு வழியாகப் பவானிசாகருக்கு வந்து, பவானியாகக் காவிரியில் சேர்வது. யூகலிப்டஸ் வந்ததால் குறைந்த நீர், ஒரு பூச்சி அந்த யூகலிப்டஸைக் கொன்றால் திரும்ப வருமா என்று கேட்கத் தோன்றும். தர்க்கத்துக்கு அது சரியாகப் படலாம். ஆனால் செத்த யூகலிப்டஸ் காடு தானாகப் புல்வெளியாகிவிடாது. நீலகிரியில் காலியான இடத்தில் பெரும்பாலும் சீகையும் உண்ணிச்செடியும் வந்து நிற்கின்றன. பத்து இருபது ஆண்டுகளாக ஆழத்திலிருந்து உறிஞ்சப்பட்ட மண் ஈரம் நிரம்பவும் காலம் பிடிக்கும். நடுவதன் விளைவைத் திருப்பிப் போட்டால் சாவதன் விளைவு கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மிஞ்சவில்லை என்றவர்கள்

2000-க்குப் பிறகு வடஅமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பட்டை வண்டுகள் முன்பு காணாத அளவில் பரவின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேலான பைன் காடு பாதிக்கப்பட்டது. பழைய கணக்குப்படி ஆறுகள் பெருக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பல இடங்களில் அது நடக்கவில்லை.

அமெரிக்காவின் தென்மேற்கில் வறட்சியும் வண்டும் சேர்ந்து பின்யான் பைன் மரங்களைக் கொன்றபின் ஆற்றோட்டம் குறைந்ததாக 2011-இல் ஒரு குழு காட்டியது. 2015-இல் பீடர்மேனும் உடனாய்வாளர்களும், கொலராடோவின் தலைமாட்டு ஓடைகளில் மரச்சாவு ஆற்றோட்டத்தை எதிர்பார்த்தபடி கூட்டவில்லை என்று எழுதினார்கள். விளக்கம் இப்படிப் போகிறது: மேல் இலைக்கூரை போனதும் வெயிலும் காற்றும் தரைவரை இறங்கி, பனியும் மண் ஈரமும் நேரடியாக ஆவியாகின்றன. அடியில் காத்திருந்த கன்றுகளும் புதர்களும் புல்லும் கிடைத்த ஒளியில் பாய்ந்து வளர்ந்து, பெரிய மரம் விட்டுப்போன நீரைக் குடித்துவிடுகின்றன. கோடரி வேலை ஒரே நாளில் முடியும். வண்டு ஐந்து பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு மரமாகக் கொல்கிறது. மற்றவை அதற்குள் ஈடுசெய்துவிடுகின்றன.

இரண்டு முகாம்களையும் சேர்த்துவைக்க 2012-இல் ஆடம்ஸும் மற்றவர்களும் ஒரு வரம்பை முன்வைத்தார்கள். ஆண்டு மழை 500 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும் இடத்தில், அல்லது ஓட்டம் பெரும்பாலும் பனியுருகலால் வரும் இடத்தில், இலைக்கூரையில் 20 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால்தான் நீர் கூடக்கூடும் என்பது அந்தக் கருதுகோள். 2020-இல் கோக்கிங், டார்போட்டன் இருவரும் 78 ஆய்வுகளைச் சீர்தூக்கி, காட்டை முழுதாகச் சாய்க்கும் நிகழ்வுகளுக்குப் பின் நீர் கூடுவதே பொது, ஆங்காங்கே மரங்களை மட்டும் கொல்லும் நிகழ்வுகளுக்குப் பின் குறையவும் செய்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். வெயில் அதிகம் படும் சரிவுகளிலும், நிலநடுக்கோட்டுப் பக்கமாக வர வரவும் குறைவதற்கான வாய்ப்பு அதிகம் என்பதையும் சுட்டினார்கள்.

இவை பெரும்பாலும் பனிமலை ஆய்வுகள். நமக்குப் பனி இல்லை; ஆண்டு மழையின் பெரும்பகுதி இரண்டு பருவங்களில், சில பத்து நாள்களில் கொட்டிவிடுகிறது. ஆகவே 500 மில்லிமீட்டர் வரம்பை அப்படியே எடுத்து வயநாட்டுக்கோ பச்சைமலைக்கோ பொருத்துவது தவறு. வெயில் கூடிய நாட்டில் மண்ணிலிருந்தும் புதரிலிருந்தும் ஆவியாகும் பங்கு பெரிது என்ற அவர்களுடைய காரணம் மட்டும் இங்கு இன்னும் வலுவாகச் செல்லும் என்று நினைக்க இடமிருக்கிறது.

இலை தின்னியும் தண்டு துளைப்பானும்

‘பூச்சித் தாக்குதல்’ என்று ஒரே பெயரில் சொல்வது இந்த விவாதத்தைக் குழப்பியிருக்கிறது. இலையைத் தின்றுவிட்டுப் போகும் புழுவுக்கும், தண்டைத் துளைத்து மரத்தையே கொல்லும் வண்டுக்கும் நீர்க்கணக்கில் பெரிய வேறுபாடு உண்டு. இந்தியக் காடுகள் இரண்டுக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன.

தேக்கின் இலை தின்னிப் புழு முதல் வகை. 1840-களில் மலபார் ஆட்சியர் கானலியின் காலத்தில் தேக்குத் தோட்டம் தொடங்கிய கேரளத்தின் நிலம்பூரில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொல்லையாகப் பதிவாகியிருக்கிறது. கோடை மழை விழுந்து தேக்கு புதுத் தளிர் விடும் வேளையில் அந்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து முட்டையிடுகின்றன. இரண்டு வாரத்துக்குள் புழுக்கள் தளிர் முழுவதையும் தின்று, நரம்பு மட்டும் மிச்சம் வைக்கின்றன. பாதிக்கப்பட்ட தோட்டத்தில் நின்றால் எச்சம் தரையில் உதிரும் ஓசை தூறல்போலக் கேட்கும். பிறகு மரம் மறுபடி தளிர்க்கிறது, அரிதாகத்தான் சாகிறது. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.எஸ்.எஸ். நாயர் தலைமையில் நடந்த ஆய்வு, 4 முதல் 9 வயதுத் தேக்கில் இந்தப் புழுவால் வளர்ச்சியில் 44 சதவீதம் இழப்பு என்று மதிப்பிட்டது.

மர வளர்ச்சி அவ்வளவு குறைந்தால் மரம் குடித்த நீரும் குறைந்திருக்க வேண்டாமா? ஓரளவு குறைந்திருக்கும். ஆனால் காலத்தைப் பார்க்க வேண்டும். தாக்குதல் உச்சம் பெறுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்னும் அதன் தொடக்கத்திலும். சில வாரங்கள் இலையின்றி நின்ற மரம் மிச்சப்படுத்திய ஈரம், அடுத்து வரும் பெருமழையில் எப்படியும் நிரம்பியிருக்கும். ஆண்டு நீர்வரத்தில் இதன் தடம் மிகச் சிறிதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. மண் அரிப்பு வேறு கதை. தேக்கிலை அகலமானது, அதன் நுனியிலிருந்து சொட்டும் துளிகள் பெரியவை. யூகலிப்டஸ், பைன், தேக்கு மூன்றையும் ஒப்பிட்ட ஹாலும் கால்டரும் 1993-இல், தேக்கின் அடியில்தான் துளிகள் மிகப் பெரிதாகி மண்ணை வலுவாக அடிக்கின்றன என்று கண்டார்கள். எனவே இலை முழுதாகப் போன தேக்குத் தோட்டத்தில் துளியின் அடி குறையவும் கூடும். அதே சமயம் ஒளி இறங்கி அடித்தட்டில் புல்லும் செடியும் வளர்ந்தால் மண்ணுக்கு அது நல்லது. இலைதின்னி வந்தால் மண் கரையும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சால் மரத் துளைப்பான் இரண்டாம் வகை. நர்மதையும் சோனும் பிறக்கும் அமர்கண்டக்கைச் சுற்றிய மத்தியப் பிரதேசச் சால் காடுகளில் 1920-களிலும், பிறகு 1990-களின் பிற்பாதியிலும் இந்த வண்டு லட்சக்கணக்கான மரங்களைத் தாக்கியது. முதல் பருவமழையோடு வண்டு மரத்திலிருந்து வெளிவருகிறது. பெண் வண்டு பட்டையில் முட்டையிட, புழு பட்டையையும் வெளிமரத்தையும் கடந்து வைரம்வரை துளைத்துச் செல்கிறது. மரத்தின் அடியில் குவியும் மரத்தூள்தான் நோயின் முதல் அடையாளம். வலுவான மரம் பிசினைப் பெருக்கிப் புழுவை மூழ்கடித்துவிடும். வறட்சியில் தளர்ந்த மரத்தால் அது முடியாது. இந்த மரங்கள் மறுபடி தளிர்ப்பதில்லை. நர்மதையின் ஊற்றுக்கண்ணிலேயே நடந்த இந்தச் சாவு, உலகில் நம் கேள்விக்கு மிகப் பொருத்தமான களங்களில் ஒன்று. வைட் ரிவருக்குக் கிடைத்ததுபோன்ற, பக்கத்து ஆற்றோடு ஒப்பிட்டு நீண்டகாலம் தொடர்ந்த நீரியல் ஆய்வு இதற்குக் கிடைத்திருந்தால், வெப்பமண்டலத்துக்கான பதில் இன்று இவ்வளவு ஊகமாக இருந்திருக்காது. இதை ஒரு பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

திருச்சிப் பக்கத்தில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் தலைமையகம் திருச்சியில்தான். புதுக்கோட்டை உள்ளிட்ட பக்கத்து மாவட்டங்களில் அதன் தைலமரத் தோட்டங்கள் பரந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த முடிச்சுக் குளவி 2000-களில் தென்னிந்தியா முழுவதும் இந்தத் தோட்டங்களில் பரவி, இளங்கன்றுகளின் நடுநரம்பிலும் இலைக்காம்பிலும் முடிச்சுகளை உண்டாக்கி வளர்ச்சியைக் கெடுத்தது. நாற்றங்கால்களும் வெட்டித் தழைத்த தோட்டங்களும் அதிகம் பாதிக்கப்பட்டன. இங்கே நீரைத் தீர்மானித்தது குளவியால் குறைந்த இலைப்பரப்பு என்று நான் நம்பவில்லை. தாங்கும் வகைக் கன்றுகளை மாற்றி நட்டதும், சவுக்கு, மலைவேம்பு போன்ற வேறு மரங்களுக்குப் போனதும் அதைவிடப் பெரிய மாற்றங்கள். தோட்டங்களில் வெட்டிய வரப்புகளும் குழிகளும் ஏரிகளுக்கு வரும் மழைநீரைத் தடுக்கின்றன என்று புதுக்கோட்டை விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். ஏரிக்கு வரும் நீரைப் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டுக்கு முதலில் விடை தேட வேண்டும்.

மண் தப்பினால்

மேற்குத் தொடர்ச்சி மலையில், குறிப்பாக உத்தர கன்னடத்தில், ஜகதீஷ் கிருஷ்ணசாமியும் மைக் பொன்னலும் பிறரும் நடத்திய ஆய்வுகள் பழைய இரண்டு முகாம்களுக்கும் நடுவே ஒரு பாலம் அமைத்தன. காட்டு நிலத்தில் இரண்டு எதிரெதிர் வேலைகள் நடக்கின்றன: வேரும் மண்புழுவும் சருகும் மண்ணைத் துளைத்து மழையை உள்ளே விடுகின்றன, மரமோ உள்ளே போன நீரைக் குடிக்கிறது. கோடையோட்டம் கூடுமா குறையுமா என்பது இந்த இரண்டில் எது மிகுகிறது என்பதைப் பொறுத்தது. மேய்ச்சலாலும் மிதிப்பாலும் இறுகிய மண்ணில் மரம் நட்டாலும் நீர் உள்ளே போகும் திறன் திரும்ப நெடுங்காலம் ஆகிறது.

இந்தச் சட்டகத்தைப் பூச்சிக்குப் பொருத்திப் பார்த்தால், பூச்சி கொன்ற காடு தனிவகையானது என்று தெரிகிறது. மரம் குடிப்பது நின்றுவிடுகிறது; மண்ணோ சில ஆண்டுகளாவது காட்டு மண்ணாகவே இருக்கிறது. செத்த வேர்கள் மட்கி விட்ட துளைகள் வழியே மழை இன்னும் எளிதாக இறங்கும். கொள்கையளவில் கோடையோட்டத்துக்கு இதைவிடச் சாதகமான நிலை இல்லை. ஜாக் க்ரீக்கில் குறைநீரோட்டம் சுமார் 10 சதவீதம் கூடியதும், வெள்ள உச்சம் அவ்வளவாக ஏறாததும் இதோடு ஒத்துப்போகின்றன. கொலராடோவில் வண்டுச்சாவுக்குப் பின் ஓடைநீரில் நிலத்தடி நீரின் பங்கு உயர்ந்ததாக 2014-இல் வந்த ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது.

அந்தச் சாதகம் நிலைப்பதற்கு ஒரு நிபந்தனை: அங்கே அடுத்து என்ன வளர்கிறது என்பது. வடகரோலினாவின் கவீட்டாவில் கம்பளி அசுவினி ஹெம்லாக் மரங்களை அழித்தபின், அவற்றின் இடத்துக்கு வரும் வேறு மரங்கள் அதிக நீர் குடிப்பதால், நெடுங்காலத்தில் ஓடைநீர் கூடாமல் குறையலாம் என்று அங்குள்ளவர்கள் கணித்தார்கள். நம் மலைகளில் அந்த இடத்துக்கு உண்ணிச்செடி வருகிறது. அது எவ்வளவு நீர் குடிக்கிறது என்பது இந்தக் கேள்வியின் மறைந்திருக்கும் பாதி.

நீரின் தரம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கவீட்டாவில் இலைப்புழு தின்ற காட்டு ஓடைகளில் நைட்ரேட் கூடியதை 1981-இலேயே பதிவு செய்தார்கள். வர்ஜீனியாவில் ஜிப்சி அந்துப்பூச்சிக்குப் பின்னும், பவேரியக் காட்டில் பட்டை வண்டுக்குப் பின்னும் அதுவே நடந்தது. கொலராடோவில் எதிர்பார்த்த அளவு கூடவில்லை. எஞ்சிய செடிகொடிகள் உறிஞ்சிக்கொண்டன. உரம் கொட்டிய வயல்களையும் ஊர்ச் சாக்கடைகளையும் கடந்து முக்கொம்பு வரும் காவிரியில், மலைக்காட்டுப் புழுவின் நைட்ரேட்டைத் தனியாகப் பிரித்துக் காண வழியில்லை.

பூச்சிக்குப் பின் வருபவர்கள்

பல ஆய்வுகளில் மறைந்திருக்கும் ஒரு சிக்கல், பூச்சியின் விளைவையும் பூச்சிக்கு மனிதன் செய்த எதிர்வினையையும் ஒன்றாக அளந்துவிடுவது. 1990-களில் சால் காட்டில் வண்டைக் கட்டுப்படுத்தக் கையாண்ட முறை பொறிமரம்: மரத்தை வெட்டி, பட்டையை அடித்து நசுக்கி, கசியும் சாற்றுக்கு வரும் வண்டுகளைப் பிடித்துக் கொல்வார்கள், பிடித்த வண்டின் எண்ணிக்கைக்குக் கூலி. அதோடு, தாக்கப்பட்ட மரங்களை வெட்டி அப்புறப்படுத்தவும் செய்தார்கள். எந்த அளவு தாக்கப்பட்ட மரத்தை வெட்டலாம் என்ற சர்ச்சை உச்ச நீதிமன்றம்வரை போனது. மழைக்காலத்துக் காட்டு மண்ணில் லாரியும் இழுவையும் ஓடினால், பூச்சி தொடாமல் விட்ட அந்த மண் இறுகிவிடும். செத்த மரம் நின்றபடியே இருக்கும் காட்டையும், அதை அள்ளிச் சென்ற காட்டையும் ஒரே பட்டியலில் சேர்த்து நீரைக் கணக்கிடுவது முறையாகாது.

குடகுக்குத் திரும்பினால் இந்தப் பாடம் இன்னும் தெளிவாகிறது. தண்டுத் துளைப்பான் அராபிகா காப்பியைத் தாக்கும். ரோபஸ்டாவை அனேகமாகத் தொடாது. இலைத்துரு நோயும் விலையும் சேர்ந்துகொள்ள, குடகின் தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி ரோபஸ்டாவுக்கு மாறின. ரோபஸ்டா சீராகப் பூக்க பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மழை வேண்டும். அது வராவிட்டால் தெளிப்பான் போட்டு நீர் பாய்ச்சுகிறார்கள். அந்த நீர் ஓடைகளிலிருந்தும் குளங்களிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆண்டிலேயே ஓடைகள் மிக மெலிந்திருக்கும் மாதங்கள் அவை. நிழலுக்கு நாட்டு மரங்களுக்குப் பதில் வேகமாக வளரும் சில்வர் ஓக் வந்தது இன்னொரு மாற்றம். ஒரு வண்டு காவிரியின் தலைமாட்டில் உண்டாக்கிய நீர்விளைவைத் தேடுகிறவர் மரச்சாவை மட்டும் பார்த்தால் போதாது. நூறாண்டில் அது தூண்டிய பயிர் மாற்றத்தையும், அந்தப் பயிர் கோடையில் கேட்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். என் மதிப்பீட்டில் இந்த மறைமுக வழியே நேரடி வழியைவிடக் கனமானது.

மண்ணச்சநல்லூரில் தெரியுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காவிரியின் மேல்படுகையில் 100 சதுர கிலோமீட்டர் காடு பூச்சியால் பாதிக்கப்பட்டு, ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் நீர் கூடுதலாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே தாராளமான அனுமானம். கிடைப்பது ஒரு கோடி கன மீட்டர், அதாவது சுமார் 0.35 டிஎம்சி. 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 177.25 டிஎம்சியில் அது 0.2 சதவீதம். ஆற்றோட்டத்தை அளப்பதில் வரும் இயல்பான பிழையே இதைவிடப் பல மடங்கு. நடுவில் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் மேட்டூரும் நிற்கின்றன. மொத்த நீரளவைப் பொறுத்தவரை, மலையில் பூச்சி தின்ற காட்டின் தடம் மண்ணச்சநல்லூர் வாய்க்காலில் கண்ணுக்குத் தெரியாது என்று துணிந்து சொல்லலாம்.

அதனால் விளைவே இல்லை என்று ஆகிவிடாது. விளைவு தெரியும் இடம் தலைமாடு: குடகின் சிற்றோடை, வயநாட்டு ஊற்று, கொல்லிமலையில் அய்யாற்றின் மேல்கிளை. ஓர் ஊரின் குடிநீர் அந்த ஒரே ஊற்றில் தொங்கும்போது 20 சதவீத மாற்றம் வாழ்வைப் பாதிக்கும். ஆற்றுப்படுகை அளவில் கேட்டு ‘ஒன்றுமில்லை’ என்று வந்த பதிலை மலைக்கிராமத்துக்குச் சொல்வதும், ஒரே ஓடையில் கண்டதைக் காவிரி முழுவதற்கும் விரிப்பதும் ஒரே வகைத் தவறுகள்.

தீராமல் இருப்பவை

இலை தின்னும் புழுவால் ஆண்டு நீர்வரத்தில் வரும் மாற்றம் சிறிது என்பதும், மரத்தைக் கொல்லும் வண்டு போதிய பரப்பில் பரவினால் சில ஆண்டுகளுக்காவது மாற்றம் தெரியும் என்பதும் ஓரளவு உறுதி. அந்த மாற்றத்தின் திசையை மழையும் வெயிலும் அடித்தட்டுச் செடிகளும் தீர்மானிக்கின்றன என்பதிலும் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. வெப்பமண்டலப் பருவமழைக் காட்டில் அந்தத் திசை எது என்பதுதான் திறந்திருக்கிறது. உண்ணிச்செடியும் சீகையும் செத்த மரத்தின் பங்கில் எவ்வளவைக் குடிக்கின்றன, செத்த வேர்களின் துளைகள் நம் செம்மண்ணிலும் மலைமண்ணிலும் எத்தனை பருவமழை தாங்கும், நின்ற மரத்தை விடுவதா எடுப்பதா என்பதால் கோடையோட்டத்தில் எவ்வளவு வேறுபாடு வரும் என்பவை அளந்து பார்க்க வேண்டியவை.

எல்லாவற்றிலும் கடினமானது வறட்சியையும் பூச்சியையும் பிரிப்பது. சால் மரத்தின் பிசின் வற்றியதும் வறட்சியால். வண்டு வென்றதும் அதனால். ஓடை மெலிந்ததும் அதனால். மூன்றும் ஒரே ஆண்டில் நடக்கும்போது ஓடை மெலிந்ததற்கு வண்டைக் காரணம் காட்டவோ, விடுவிக்கவோ ஒரு வடிநிலத்தின் பதிவு மட்டும் போதாது; பூச்சி தொடாத பக்கத்து வடிநிலமும் வேண்டும். காவிரிப் படுகையில் அதற்கான அடித்தளம் ஓரளவு இருக்கிறது. குடிகேயில் காவிரியையும், முத்தங்கெராவில் கபினியையும், முசிறியில் மீண்டும் காவிரியையும் மத்திய நீர் ஆணையம் அளந்துவருகிறது. கிளன்மார்கனின் பழைய பதிவுகள் இருக்கின்றன. தேக்கிலும் தைலமரத்திலும் பூச்சி எந்த ஆண்டு எங்கே பரவியது என்ற விவரம் வனத்துறைகளிடமும் ஆராய்ச்சி நிறுவனங்களிடமும் சிதறிக் கிடக்கிறது. குடிகே, முத்தங்கெரா அளவைவிடச் சிறிய, சில சதுர கிலோமீட்டர் ஓடைகளில் இந்த இரண்டு வகைப் பதிவுகளையும் ஒரே வரைபடத்தில் வைக்கும் வேலை நடந்தால், 1869-இல் பிடி குடகில் ஒன்றாகப் பார்த்த பூச்சி, காடழிவு, ஆற்று நீர் மூன்றையும் முதன்முறையாக எண்களோடு தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியும்.